செய்தித்தாள் படிக்கும் வாத்து

சம்பந்தியம்மாவிடம் நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டியிருந்தது. அதுவும் அவருடைய பாஷையில், என் வாயால்.

என் மகனுக்கு வயிற்றில் ஆபரேஷன். மருமகள் நர்ஸ், ராத்திரி ஷிப்ட். இங்கே என் மனைவிக்குக் காலில் மாவுக்கட்டு. அவளை விட்டுவிட்டு நானும் நகர முடியவில்லை. பெற்றவர்கள் நாங்கள் கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருக்க, ஓடி வந்து அவனைப் பார்த்துக்கொண்டவர் மருமகளின் அம்மாதான். அவருக்குத் தமிழ் தெரியாது. மகனை விட்டுச் சொல்லச் சொன்னால், நான் பத்து நிமிஷம் உருகியதை இரண்டே வார்த்தையில் முடித்துவிடுவான், கஞ்சப் பயல்.

அதனால் மொழி கற்றுத்தரும் ஆப் ஒன்றைப் போனில் இறக்கினேன். நன்றி சொல்லக் கற்றுத்தரும் என்று பார்த்தால், ‘என் வாத்து செய்தித்தாள் படிக்கிறது’ என்று சொல்லச் சொன்னது. எந்த ஊரில் ஐயா வாத்து பேப்பர் படிக்கிறது? சொல்லித் தொலைத்தேன். ‘மீண்டும் முயலுங்கள்’ என்றது. லாரி ஓட்டி, ஹாரனுக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை இது. அதற்குக் காதில் விழவில்லையாம்! குளிக்கும்போதும் வாத்து, காய் நறுக்கும்போதும் வாத்து. அடுத்த பாடத்துக்கு அந்தச் சனியன் விடவே இல்லை.

“போனைப் போட்டு உடைச்சிடாதீங்க. அதுக்கும் நாமதான் அழணும்” என்றாள் மனைவி.

கடைசியில் மருமகளே அந்த நன்றி வாக்கியத்தைத் தன் குரலில் பதிந்து அனுப்பினாள். மனப்பாடம் செய்துவிட்டேன்.

அடுத்த தலைவலி நெட். மனைவி எழுந்து வர முடியாததால் படுக்கையறையிலிருந்துதான் வீடியோவில் பேசுவோம். அங்கே சிக்னல் எட்டாது. மகன் முகம் கட்டம் கட்டமாக உடையும். நான் வாயைப் பிளந்தபடி உறைந்துவிடுவேனாம். கடைக்குப் போய் எட்டுக் கொம்பு வைத்த ரௌட்டர் ஒன்றைக் கேட்டேன். கடைக்காரப் பெண், வீட்டில் எத்தனை சுவர், எங்கே உட்கார்ந்து பேசுவீர்கள் என்று போலீஸ் மாதிரி விசாரித்தாள்.

“இவ்வளவு கொம்பு வேண்டாம் சார். பழைய ரௌட்டர் வாசல்கிட்டயே இருக்கட்டும். படுக்கையறையில இந்தச் சின்னப் பெட்டியை வைங்க, அதுகிட்டேர்ந்து சிக்னலை வாங்கி அங்க குடுக்கும்.”

வாங்கி வந்து மேஜைமேல் வைத்தேன்.

மறுநாள் காலை சம்பந்தியம்மா தன் ஊருக்குக் கிளம்புகிறார். இன்று விட்டால் போச்சு. சாயங்காலம் கூப்பிட்டேன். “வணக்கம்” சொல்லி முடிப்பதற்குள் படம் உறைந்தது. எனக்கு வந்ததே கோபம்!

“அந்தப் பொண்ணு என் தலையில மிளகாய் அரைச்சுட்டா! எங்க அந்தப் பெட்டி?”

“பீரோவுல” என்றாள் மனைவி.

“என்னது?”

“அவ்வளவு விலை குடுத்து வாங்கினதைத் தூசியிலயா வைப்பாங்க? நொண்டிக்கிட்டே போய், துண்டுல சுத்திப் பத்திரமா வெச்சேன். ஒயரைக்கூடக் கதவிடுக்கு வழியா வெளிய விட்டிருக்கேன்.”

இரும்பு பீரோ! அதைத் தாண்டிச் சிக்னல் எப்படி வரும்? தலையில் அடித்துக்கொண்டு பெட்டியை எடுத்து மறுபடி மேஜைமேல் வைத்தேன்.

படம் பளிச்சென்று தெளிந்தது. கட்டிலில் மகன். கட்டிலை ஒட்டித் தரையில் ஒரு மெல்லிய விரிப்பு, தலையணை, பக்கத்தில் ஒரு மூக்குக்கண்ணாடி. இத்தனை நாள் இது எங்கள் கண்ணில் படவே இல்லை.

“யார் படுக்கைடா அது?”

“அத்தையோடதுப்பா. ராத்திரி நான் புரண்டா தையல் பிரிஞ்சிடும்னு கீழயே படுத்துக்கறாங்க. சொன்னா கேக்கறதில்ல.”

சம்பந்தியம்மா முன்னால் வந்து நின்றார். கைகூப்பினேன். மனப்பாடம் செய்த வாக்கியம் போன இடம் தெரியவில்லை. வாயைத் திறந்தேன். ‘என் வாத்து செய்தித்தாள் படிக்கிறது’ என்று வந்தது, அட்சரம் பிசகாமல்.

திருதிருவென்று விழித்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், அப்படி ஒரு சிரிப்பு. “ஐயோ அப்பா, வலிக்குது” என்று மகனும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நான் சிரிக்கவில்லை. கூப்பிய கை கூப்பியபடி இருக்க, கண்ணிலிருந்து கொட்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது. மெதுவாக ஏதோ சொன்னார்.

“என்னடா சொன்னாங்க? சுருக்காம சொல்லு.”

“நாளைக்குப் போகலையாம்ப்பா. அம்மா கட்டைப் பிரிச்சதும், அந்த வாத்தைக் கூட்டிக்கிட்டு நீங்க ரெண்டு பேரும் வரணுமாம். என்னைப் பெத்தவங்க கையில ஒப்படைச்சுட்டுத்தான் ஊருக்குப் போவாங்களாம்.”

என் மனைவி முகத்தைத் துடைத்துக்கொண்டாள், பெட்டியைச் சுற்றி வைத்திருந்த அதே துண்டால்.