தென்மேற்கு மூலையில் இரண்டு டிகிரி

எங்கள் நகரத்தில் உலகக் கால்பந்துப் போட்டியின் ஆட்டங்களை நடத்த இயலுமா என்னும் வினா எழுந்த நாள்முதல், அவ்வினாவுக்கு விடை கூறாதவர் நகரத்தில் ஒருவரும் இலர். நாட்டின் பிற நகரங்களில் வெயில் மண்டையைப் பிளக்கும் என்பதால், போட்டியைக் குளிர் மாதங்களில் வைப்பதென்று முடிவாகியிருந்தது. அம்மாதங்களிலோ எங்கள் நகரத்தில் மூச்சு விட்டால் புகையாகத் தெரியும். முடிதிருத்தும் கடையில் ஒருவர், ஆட்டக்காரர்கள் கைகளைப் பைக்குள் விட்டுக்கொண்டுதான் ஆட வேண்டியிருக்கும் என்றாராம். கால்பந்தாட்டக் காற்சட்டைக்குப் பையே கிடையாது என்று கடைக்காரர் கத்தரியை நிறுத்திவிட்டு விளக்கினாராம். இவ்வாறு மனிதருக்குக் குளிருமா என்பதைப் பற்றியே ஊர் முழுவதும் பேசிற்று. புல்லுக்குக் குளிருமா என்று கேட்டவர் எவருமில்லை.

அந்தப் புல்லைப் பதினெட்டு ஆண்டுகளாகப் பராமரித்து வருபவன் நான். நாள்தோறும் காலை ஏழு மணிக்கு ஆடுகளத்தின் நான்கு மூலைகளிலும் நடுவட்டத்திலும் ஒரு விரல் ஆழத்திற்கு வெப்பமானியைச் செருகி, மண்ணின் வெப்பத்தைப் பதிவேட்டில் எழுதுவது என் முதற் கடமையாகும். பதிவேட்டின் முதல் ஐந்து ஆண்டுப் பக்கங்கள் என் மனைவியின் கையெழுத்தில் உள்ளன. பிற்பட்டவை அனைத்தும் நானே கைப்பட எழுதியவை. எண்களுக்கு அப்பால் 'குறிப்பு' என்றொரு பத்தி உண்டு. பனி, மேகம், மழை, வெயில் என்று அன்றைய வானத்தின் நிலையை அதில் ஒரு சொல்லில் எழுதுவேன்.

அப்பதிவேட்டைச் சான்றாகக் கொண்டு நான் உறுதியாகக் கூறியது ஒன்றே: எங்கள் நகரத்தால் அப்போட்டியை நடத்த இயலும். பதினேழு குளிர்காலங்களில் ஆடுகளத்தின் எந்த மூலையும் ஆறு டிகிரிக்குக் கீழே இறங்கியதில்லை. நான் விதைத்திருந்த புல் ஐந்து டிகிரி வரை வேர் தளராமல் நிற்கும். என் தரையில் உலகத்தின் சிறந்த கால்கள் ஓட வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு ஆசை இருந்ததில்லை. என் மகளின் திருமணத்தைப் பற்றிக்கூட நான் அவ்வளவு யோசித்ததில்லை என்று என் மனைவி குறை கூறுவதுண்டு, அக்குறை உண்மையே.

போட்டி ஏற்பாட்டுக் குழுவின் செயலாளர் என் மனைவியின் அண்ணன் ஆவார். எதையும் முடித்துவிட்டுப் பிறகு யோசிப்பவர். முதற்கட்ட விண்ணப்பத்திற்குப் போட்டியின் தலைமையகத்திலிருந்து வந்த பதிலில், பார்வையாளருக்குக் குளிரிலிருந்து போதிய பாதுகாப்பு இல்லை என்று ஒரு வரி இருந்தது. அந்த ஒரு வரிக்காகத் தெற்கு மாடத்தின் மேற்குப் பாதிக் கூரையை ஒன்பது மீட்டர் முன்னுக்கு நீட்டுவதென்று குழு தீர்மானித்தது.

குளிர்காலத்தில் சூரியன் தெற்கே சாய்ந்து, தாழ்வாகச் செல்லும் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் தெரிந்த செய்தி. கூரை ஒன்பது மீட்டர் நீண்டால் நிழலும் ஒன்பது மீட்டர் நீளும். அதனைச் சொல்லிப் பயனில்லை என்று உணர்ந்து, செய்து காட்ட முடிவு செய்தேன். கோடு போடும் சுண்ணாம்பு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய், நண்பகலில் கூரையின் நிழல் விழுந்த எல்லையில் ஒரு வெள்ளைக் கோடு இட்டேன். அதற்கு ஒன்பது மீட்டர் உள்ளே மற்றொரு கோடு இட்டேன். இரண்டாம் கோடு தென்மேற்கு மூலையை முழுவதும் விழுங்கி, கோல் கம்பத்தின் அருகே போய் நின்றது. பின்பு கூரையைத் திட்டமிட்ட பொறியாளரை அழைத்துக் காட்டினேன். அவர் தம் கைப்பேசியில் ஒரு படத்தைத் திறந்து, நிழல் அவ்வளவு தூரம் வராது என்று கணக்குக் காட்டினார். அக்கணக்கு எந்த மாதத்திற்கு உரியது என்று கேட்டேன். கோடையின் நடுவே என்றார். போட்டி கோடையில் நடக்கவில்லையே என்றேன். கூரை எல்லா மாதத்திற்கும் பொதுவானது என்று விடையிறுத்துவிட்டு அவர் காரில் ஏறினார்.

கூரையை நீட்டத்தான் வேண்டுமெனில், நீட்டும் பகுதிக்கு மட்டுமாவது ஒளி ஊடுருவும் தகட்டை இடும்படி செயலாளரிடம் கேட்டேன். அதற்கு அவர் சம்மதிக்கவில்லை. ஹெலிகாப்டரிலிருந்து படம் எடுக்கும்போது தெரியும்படி, நகரத்தின் பெயரை ஓர் எழுத்துக்கு ஒரு லாரி அளவில் அக்கூரையின்மேல் எழுதப்போகிறார்களாம். ஒளி ஊடுருவும் தகட்டில் வண்ணம் எடுபடாதாம்.

"புல்லுக்குக் குளிருதுன்னா சொல்லுங்க மாப்ள, ஆளுக்கு ஒரு ஸ்வெட்டர் பின்னிப் போட்டுடலாம்" என்றார். குழுவில் இருந்த அனைவரும் சிரித்தனர். காகிதக் கோப்பையில் காப்பி வைத்துக்கொண்டிருந்த பணியாளர்கூடச் சிரித்தார்.

கூரை முடிந்தது. எழுத்துகளும் எழுதப்பட்டன. ஆய்வுக் குழு, போட்டிக்குச் சரியாக ஓராண்டு முன்பு, அதே மாதத்தில் வருவதாக இருந்தது. அதற்கு ஆறு வாரம் முன்னதாகத் தென்மேற்கு மூலையின் வெப்பம் ஐந்தானது, அடுத்து நான்கு, பின்னர் மூன்று. ஆய்வுக்குப் பத்து நாள் இருக்கையில் இரண்டு. அங்கே புல் வைக்கோலின் நிறத்தை அடைந்தது. மிதித்தால் அப்பளம் நொறுங்கும் ஓசை எழுந்தது. அதனடியில் மண் கல்லாக இறுகிக் கிடந்தது. பந்தைத் துரத்தி ஓடிவரும் ஆட்டக்காரர் அவ்விடத்தில் சட்டென்று திரும்பினால் முழங்கால் என்ன ஆகும் என்பதை நினைத்து, நான் காலைச் சாப்பாட்டைப் பாதியில் விட்ட நாட்கள் உண்டு. மற்ற மூன்று மூலைகளிலும் நடுவட்டத்திலும் எட்டும் ஒன்பதும் இருந்தன. வானத்தில் குறையில்லை. கூரையில்தான் குறை இருந்தது.

ஆய்வுக்கு மூன்று நாள் முன்பு செயலாளர் எங்கள் வீட்டுக்கு வந்தார். ஆய்வுப் படிவத்தின் ஒரு தாளை மேசையில் விரித்தார். 'ஆடுகள மண் வெப்பநிலை' என்பதற்கு நேரே ஒரே ஒரு கட்டம் இருந்தது. அதனை நிரப்பிக் கையொப்பம் இட வேண்டியவன் நான்.

"அஞ்சு இடத்துல எடுக்குறீங்க, இவங்க கேக்குறது ஒரு நம்பர்" என்றார் அவர். "வடகிழக்கு மூலையில ஒன்பது இருக்குல்ல, அதை எழுதுங்க. நான் என்ன பொய்யா எழுதச் சொல்றேன்?"

"தென்மேற்குல ரெண்டு இருக்கு மச்சான்."

"அந்த ரெண்டைத்தான் எழுதணும்னு சட்டமா? பதினெட்டு வருஷமா இந்தத் தரைக்காக உயிரை விடுறீங்க. இப்ப வாசல் வரைக்கும் வந்த போட்டியை நீங்களே திருப்பி அனுப்பப் போறீங்களா?"

அவர் கூறியதில் என்னைச் சுட்டது இக்கடைசி வாக்கியமே. ஒன்பது என்று எழுதினால் போட்டி வரும். அடுத்த ஆண்டு அந்த மூலையில் யாரோ ஒருவருடைய கால் போகும். இரண்டு என்று எழுதினால் போட்டி போகும். குளிர் நகரத்தால் இயலாது என்று நாடு முழுவதும் கூறும். அதுவும் பொய்தான். இரண்டு விதமாகவும் பொய்யையே எழுதும்படி அமைந்த அந்தக் கட்டத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு எரிச்சல் மூண்டது.

செயலாளர் தம் தங்கையிடம் முறையிட்டார். அவள் அடுப்படியிலிருந்து திரும்பாமலே பேசினாள்.

"அண்ணே, இந்த மனுஷன் எனக்குக்கூடப் பொய் சொன்னதில்ல, புடவை நல்லாயிருக்கான்னு கேட்டா மூஞ்சிக்கு நேரா இல்லைன்னுடுவாரு. உங்க கூரைக்காகவா சொல்லப் போறாரு? என்னைத் தூது விடாதீங்க."

அவர் காப்பியைக் குடிக்காமலே எழுந்து போய்விட்டார். நான் பதிவேட்டை எடுத்து வைத்து, கூரைக்கு முந்தைய பதினேழு குளிர்காலங்களுக்கும் இந்தக் குளிர்காலத்துக்கும் உரிய தென்மேற்கு மூலை எண்களைத் தனித்தாள்களில் படியெடுத்தேன். மொத்தம் முப்பத்து நான்கு தாள்கள். கூரை நீண்ட தேதிக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு இட்டேன். படிவத்தின் ஒற்றைக் கட்டத்தில் ஐந்து எண்களையும் பொடி எழுத்தில் நெருக்கி எழுதிக் கையொப்பம் இட்டேன்.

ஆய்வு நாளன்று காலை ஏழு மணிக்கு ஆடுகளத்திற்குச் சென்றபோது தென்மேற்கு மூலை பச்சைப் பசேலென்று இருந்தது. ஒரு கணம் என் கண்களையே நான் நம்பவில்லை. குனிந்து தொட்டேன். விரல் பச்சையானது. முந்தைய நாள் மாலை நான் வீடு திரும்பிய பின், கூரையில் எழுத்து எழுதிய அதே பெயிண்டரை அழைத்து வந்து வண்ணம் தெளித்திருக்கிறார்கள். வெப்பமானியைச் செருகினேன். இரண்டு.

ஆய்வுக் குழுவினர் பதினொரு மணிக்கு வந்தனர். பெரும்பாலோர் தெற்கு மாடத்தில் அமர்ந்து, கூரையை அண்ணாந்து நோக்கி, திருப்தியுடன் தலையசைத்தனர். ஆடுகளத்தை ஆய்வதற்கென்று ஓர் அம்மையார் மட்டும் கீழே இறங்கினார். முன்னாள் ஆட்டக்காரர், வலக்காலைச் சற்றே தாங்கி நடந்தார், வெள்ளைக் காலணி அணிந்திருந்தார். செயலாளரும் நானும் உடன் சென்றோம். வடக்கிலிருந்து தொடங்கி ஒவ்வொரு மூலையாகத் தம் வெப்பமானியைச் செருகிக் கடைசியில் தென்மேற்குக்கு வந்தார். இரண்டடி எடுத்து வைத்ததும் நின்று, தம் காலணியைப் பார்த்தார். அதன் ஓரம் முழுவதும் பச்சை ஏறியிருந்தது.

"இது என்னது?" என்றார்.

"புல்லுக்குச் சத்து மருந்துங்க" என்றார் செயலாளர்.

அம்மையார் என்னை நோக்கினார். நான் தரையை நோக்கினேன். பதினெட்டு ஆண்டுகளில் அத்தரைமீது நின்று நான் கூசியது அன்று ஒருநாள்தான். பின்னர், அது வண்ணம் என்று நானே கூறினேன். செயலாளர் இருமினார்.

அம்மையார் என் படிவத்தைப் படித்தார். முப்பத்து நான்கு தாள்களையும் நீட்டினேன். இரண்டு தாள்களைப் புரட்டினார். கடைசித் தாளில் இருந்த சிவப்புக் கோட்டில் விரலை வைத்தார். கூரையை நிமிர்ந்து பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று என் நெஞ்சு துள்ளியது.

"நீங்க சொல்றது சரிதான். ஆனா எங்க விதிப்படி ஆகக் குறைஞ்ச நம்பரைத்தான் நான் எழுத முடியும்."

"காரணம் எழுத இடம் இருக்குதுங்களா?"

"இல்லைங்க."

"இந்தக் கடைசி ஒன்பது மீட்டர் தகட்டைக் கழட்டினா அடுத்த குளிர்காலத்துக்குள்ள ஆறு டிகிரிக்கு வந்துடும். அதையாவது எழுதுங்கம்மா."

"கூரை பார்வையாளர் பிரிவு. நான் ஆடுகளப் பிரிவு. அதுல நான் கை வைக்க முடியாது" என்றவர், தாள்களைத் திருப்பிக் கொடுக்கையில் குரலைத் தாழ்த்தினார். "என் முட்டி போனதும் இப்படி ஒரு மூலையிலதான்."

தகடுகளைக் கழற்ற வேண்டும் என்று நான் கேட்டதைச் செயலாளர் மேலே போய்ப் பார்வையாளர் பிரிவினரிடம் கூறினாரா என்று எனக்குத் தெரியாது. கூறியிருக்கமாட்டார் என்பதே என் துணிபு. அவர் அன்று என்னிடம் விடைபெறாமலே சென்றார்.

அறிக்கை ஐந்து வாரங்களில் வந்தது. பார்வையாளர் பாதுகாப்பு: மிகச் சிறப்பு, நீட்டப்பட்ட கூரை பிற நகரங்களுக்கு முன்மாதிரி. ஆடுகளம்: தகுதியற்றது, காரணம், நகரத்தின் குளிர்ந்த தட்பவெப்பம். காரணம் எழுத இடமில்லாத படிவத்துக்கு அவர்கள் எங்கிருந்தோ ஒரு காரணத்தைப் பிடித்துவிட்டார்கள். மறுநாள் செய்தித்தாள் முதல் பக்கத்தில், குளிர் எங்களைத் தோற்கடித்தது என்று அச்சிட்டது. முடிதிருத்தும் கடையில் எனக்கு முன்பே அமர்ந்திருந்தவர், தாம் அன்றைக்கே சொன்னதாகக் கூறினார். நான் முடி வெட்டிக்கொள்ளாமலே எழுந்து வந்தேன்.

செயலாளர் ஒரு மாதம் எங்கள் வீட்டு வாசலை மிதிக்கவில்லை. என்னால்தான் போட்டி கைநழுவியது என்று உறவினர் வீடுகளில் கூறிவந்தார். பின்பு ஒருநாள் காலை, எவரும் அழைக்காமல், தோல் காலணியுடன் ஆடுகளத்திற்குள் வந்தார். நான் தென்மேற்கு மூலையில் மண்டியிட்டிருந்தேன். அருகில் வந்ததும் அவர் காலடியில் புல் நொறுங்கிற்று. நின்றுவிட்டார். மறுபடி ஓர் அடி வைத்துப் பார்த்தார். மறுபடியும் நொறுங்கிற்று. குனிந்து கையால் தொட்டு, உடனே கையை எடுத்துச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"இவ்வளவு மோசமாவா இருந்துச்சு?" என்றார்.

"கூரை போட்டதுல இருந்து."

அவர் நெடுநேரம் கூரையையும் நிழலையும் மாறி மாறிப் பார்த்தார். பத்தடி தள்ளி, நிழலின் விளிம்புக்கு அப்பால், புல் பசுமையாக வெயிலில் நின்றது. இனியாவது தகட்டைக் கழற்றச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் தொண்டையைச் செருமினார்.

"நாலு வருஷத்துல வர்ற இளைஞர் கோப்பைக்கு விண்ணப்பம் போடுறோம் மாப்ள. கூரைக்குத்தான் அவங்க முழு மார்க் குடுத்திருக்காங்க. அதனால மேற்கு மாடத்துலயும் இதே மாதிரி நீட்டிடலாம்னு நேத்து தீர்மானம் போட்டாச்சு." தம் காலணியைக் குனிந்து பார்த்துக்கொண்டார். "நானும் கையெழுத்துப் போட்டுட்டேன்."

"கழட்டச் சொல்லி எழுதுங்க மச்சான். இன்னைக்கே எழுதுங்க. நான் தாளெல்லாம் தர்றேன்."

"பாக்குறேன்" என்றார். அச்சொல்லுக்கு என்ன பொருள் என்பதை இந்நகரத்தில் அறியாதவர் எவர்? காலணியின் அடியில் ஒட்டிய காய்ந்த புல்லைப் படியில் தேய்த்துவிட்டு அவர் சென்றார்.

நான் வெப்பமானியை உருவினேன். இரண்டு டிகிரி. பதிவேட்டைத் திறந்து ஐந்து எண்களையும் எழுதினேன். பதினெட்டு ஆண்டுகளாக ஒரே சொல்லுக்குப் போதுமானதாக இருந்த குறிப்புப் பத்தியில், வெயில் என்று எழுதினேன். இடம் போதாமையால் விளிம்புக் கோட்டைத் தாண்டி, தென்மேற்கில் மட்டும் கூரை என்றும் எழுதினேன். பின்னர்ச் சுண்ணாம்பு வண்டியை எடுத்துக்கொண்டு மேற்கு மாடத்தின் பக்கம் நடந்தேன். அங்கிருந்து ஒன்பது மீட்டரை அளந்து கோடு இட வேண்டியிருந்தது.