மூன்றாம் நம்பர் மெஷினின் தூசிப் பை

காரை அவரவரே கழுவிக்கொள்ளும் அந்த இடத்தில் மெஷின் ரிப்பேர் பார்ப்பது என் வேலை. அன்று காலை மூன்றாம் நம்பர் வேக்குவம் கிளீனர் சரியாக இழுக்கவில்லை. நிரம்பியிருந்த தூசிப் பையைக் கழற்றிக் குப்பை வண்டியில் ஏற்றிவிட்டுப் புதுப் பை மாட்டினேன்.

மதியம் ஒரு அம்மா வந்தார்.

"தம்பி, நேத்து என் மகனோட காரை விக்கிறதுக்காக இங்க சுத்தம் பண்ணேன். அவன் தவறிப் போய் ஒரு மாசம் ஆகுது. சீட்டுக்கடியில அவன் சட்டைப் பொத்தான் ஒண்ணு கிடந்துச்சு. எடுக்கக் குனியறதுக்குள்ள இந்த மூணாம் நம்பர் குழாய் இழுத்துக்கிச்சு."

இல்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மூடியைத் திறந்து பையைத் தரையில் கொட்டினேன். ஒரு கைப்பிடி மண்தான் விழுந்தது. இருவரும் குந்தி உட்கார்ந்து அதை விரலால் துழாவினோம்.

கடைசியில் நானே சொன்னேன். "அம்மா, பழைய பையைக் காலையிலயே தூக்கிப் போட்டுட்டேன்."

"தெரியுது தம்பி. பை புதுசா இருக்கே."

ஆனாலும் அவர் எழுந்திருக்கவில்லை. விரல்கள் மண்ணைக் கிளறிக்கொண்டே இருந்தன. பின்னால் ஒரு கார் வந்து நின்றது. வேறு மெஷினுக்குப் போகும்படி கையைக் காட்டிவிட்டு, நானும் அவரோடு தேடிக்கொண்டிருந்தேன்.