குடிக்காத புருஷன்

அண்ணாமலை நகரில் ஆறு நாளாக நடந்த பெண் தொழில்முனைவோர் பயிற்சிக்கு அன்று கடைசி நாள். வெளிநாட்டிலிருந்து நிதி கொடுப்பவர்கள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். மேடையில் பேசி அவர்கள் மனதில் இடம் பிடிக்கும் ஒருத்திக்குத் தொழிலுக்கு வேண்டிய மெஷின் கிடைக்கும்.

வினோதினிக்கு அது வேண்டும், கட்டாயம் வேண்டும். காடாம்புலியூரில் அவள் கொட்டகையில் ஏழு பெண்கள் முந்திரிக்கொட்டையைக் கட்டையால் தட்டி உடைக்கிறார்கள். கொட்டையின் எண்ணெய் பட்டு விரல் தோல் உரிகிறது. சாம்பலைப் பூசிக்கொண்டு உடைத்தாலும் சோற்றில் கை வைக்க முடியாது.

பயிற்சி கொடுத்த ஸ்ரீதர் கெட்டவர் இல்லை. விலை வைப்பது, பாக்கெட் போடுவது எல்லாம் பொறுமையாகத்தான் சொல்லிக்கொடுத்தார். ஆனால் இன்று காலையில், மேடையில் பேசுவதற்கென்று ஆளுக்கொரு தாளை நீட்டினார். வினோதினியின் தாளில் அவள் புருஷன் குடிகாரன், அடிப்பவன் என்று எழுதியிருந்தது.

"எங்க வூட்டுக்காரரு குடிக்க மாட்டாரே சார். சிப்காட்ல ஷிப்ட் முடிச்சிட்டு வந்து எனக்கு மூட்ட தூக்குறாரு."

"தெரியும்மா. கஷ்டத்த சொன்னாதான் அவுங்க மனசு எறங்கும். மெஷின் வேணுமா, வேணாமா?"

தாளை வாங்கி மடித்து வைத்துக்கொண்டாள். மேடை ஏறியதும் அதைப் பிரிக்கவே இல்லை. வாரத்துக்கு எவ்வளவு முந்திரிப்பருப்பு எடுக்கிறாள், கடலூரில் எந்தெந்த ஸ்வீட் கடைக்குப் போடுகிறாள் என்று சொன்னாள். அந்த ஏழு பேருடைய கைகளைப் பற்றியும் சொன்னாள்.

ஸ்ரீதர் அதை இங்கிலீஷில் சொன்னார். அவர் பேச்சில் ஹஸ்பண்ட் வந்தது, பின்னாலேயே டிரிங்க்ஸ் வந்தது. முன்வரிசையில் ஒரு வெள்ளைக்கார அம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள். பருப்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பத்தாவது படித்தவளுக்கு இதுகூடவா புரியாது? வினோதினிக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

ஸ்ரீதர் கையிலிருந்த மைக்கை வாங்கினாள். "நோ டிரிங்க்ஸ் மேடம். மை ஹஸ்பண்ட் குட். திஸ் சார் ராங். மை கேஷ்யூ ஆல்சோ குட்."

ஸ்ரீதர் பல்லைக் கடித்துக்கொண்டு, "மெஷின் போச்சும்மா" என்றார்.

"போவட்டும் சார். அது வந்தா லாரியிலேர்ந்து எறக்குறது அவருதான். எந்த மூஞ்ச வெச்சிக்கினு எறக்கச் சொல்லுவேன்?"

மைக்கை அவர் கையில் கொடுத்துவிட்டுப் படி இறங்கினாள். அந்த ஏழு பேரிடம் என்ன சொல்வது என்று நினைத்ததும் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் சொன்னதற்காக அவள் வருத்தப்படவில்லை.

அடுத்த பேர் கடலூர் முதுநகர் சைதுன் பீவி, இறால் ஊறுகாய் போடுகிறவள். புருஷன் கைவிட்டுப் போனதாக அவள் தாளில் இருந்தது. அந்தப் புருஷன் குலாம் முகம்மதுவோ ஊறுகாய்ப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் இருந்தார்.

சைதுன் பீவி தாளை ஸ்ரீதரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு மைக்கைப் பிடித்தாள்.

"என்னை வுட்டுட்டுப் போனவரு அதோ உக்காந்திருக்காரு, நல்லா பாத்துக்குங்க. இப்ப ஊறுகாயப் பத்திப் பேசலாமா?"