நூறு லிட்டர் மனிதர்

எழுபத்திரண்டு கிலோ எடையுள்ள ஒரு மனிதரின் உடம்பில் நூறு லிட்டர் தண்ணீர் இருப்பதாக இயந்திரம் சொன்னது. மூன்று தடவை கேட்டுப் பார்த்தார்கள். மூன்று தடவையும் கூசாமல் அதையேதான் சொன்னது.

மனிதர் குழாய் வேலை செய்பவர். தொட்டிக் கணக்கு அவருக்குத் தலைகீழ்ப் பாடம். "எங்கயாச்சும் வழிஞ்சிருக்கணுமே!" என்று முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

ஐம்பது வயதில் அவருக்கு வளர்ச்சி ஹார்மோன் குறைந்துபோயிற்று. வளர்ந்து முடித்த ஆளுக்கு அது எதற்கு என்று அலட்சியமாகத்தான் இருந்தார். ஆனால் தசையெல்லாம் கரைந்து, வயிறு மட்டும் தனிக்குடித்தனம் போனதுபோல் முன்னால் போய் நின்றது. ஒருநாள் நாலாவது மாடியில் குழாயைக் கழற்றிவிட்டு, ஸ்பானரைப் பிடித்தபடியே தூங்கிவிட்டார். அவர் கண் விழிப்பதற்குள் கீழ்த்தளத்துக்காரர்கள் நீச்சல் பழகி, அதில் ஒருவர் மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கவும் தொடங்கியிருந்தார்.

பிறகு தினம் ஓர் ஊசி. ஒரே வருடத்தில் ஸ்பானர் மறுபடி கைக்கு அடங்கியது. அந்த ஊசி இனித் தொடருமா என்பதை மறுநாள் காலை மருத்துவமனைக் குழு முடிவு செய்யும். அதற்குத்தான் இந்தச் சோதனை: உடம்பில் நீர் எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு.

"இது சாதாரணத் தண்ணியவிடக் கொஞ்சம் கனம். பயப்பட ஒண்ணுமில்ல," என்று காலையில் நூறு மில்லி கோப்பையை நீட்டினாள் சோதனைக்கூடத்துப் பெண். "குடிச்சு நாலு மணி நேரம் கழிச்சு எச்சில் எடுத்து, எவ்வளவு நீர்த்துப்போச்சுன்னு பாப்போம்."

"தொட்டியில சாயம் விடுற மாதிரி! எவ்வளவு வெளுக்குதோ அவ்வளவு பெரிய தொட்டி."

"அதேதான் சார்."

இப்போது மதியம். அந்தப் பெண்ணின் முகம்தான் வெளுத்திருந்தது. "தண்ணி நூறு லிட்டர்னா, கொழுப்பு மைனஸ் அறுபத்தஞ்சு கிலோ வருது சார்."

"இவருக்கா கொழுப்பு இல்ல?" என்றாள் மனைவி. "மொதல்ல அந்த மெஷினத் தூக்கிப் போடும்மா."

டாக்டர் வந்தார். "இதக் காட்டினா ஊசிய நிறுத்திடுவாங்க. திரும்பச் செய்யணும்னா உடம்புல இருக்கிறது வெளியேறவே வாரக்கணக்காகும். முழுசாக் குடிச்சீங்களா?"

"கோப்பையில ஒரு சொட்டு மிச்சமில்ல சார்."

அது உண்மைதான். மனைவி கூரையைப் பார்த்தாள். கூரையில் பார்க்க ஒன்றுமில்லை.

கல்யாணமாகி இருபத்தாறு வருடத்தில் அவர் தனியாக எதையும் குடித்தவரில்லை. டீயானாலும் இருமல் மருந்தானாலும், அவள் வாயில் பட்டுத் தேறிய பிறகே அவருக்கு வரும். இன்றைக்கு அவர் வெறும் வயிறு என்பதால் அவளும் பச்சைத் தண்ணீர் தொடாமல் வந்திருந்தாள். சோதனைக்கூடத்துப் பெண் போன் எடுக்கத் திரும்பிய நேரத்தில் கோப்பை கை மாறியது.

"சொல்லிடும்மா," என்றார் குழாய்க்காரர் மெதுவாக.

"ஒரே ஒரு வாய்!" என்றாள் மனைவி. "நல்லாயிருக்கான்னு பாக்க வேணாமா?"

அந்தப் பெண் கோபப்படவில்லை; துள்ளினாள். "தப்பிச்சோம்! நீங்களும் எச்சில் குடுங்கம்மா. கையிலயும் கால்லயும் ஒயர் ஒட்டி உங்க உடம்புத் தண்ணிய அளந்துடறேன். நீங்க எவ்வளவு குடிச்சீங்கன்னு தெரிஞ்சா, மிச்சம் சார் குடிச்சது. மொதல்ல எடை மெஷின்ல ஏறுங்க."

மனைவி அசையவில்லை. கல்யாணமான புதிதில் ஒருமுறை அவர் அவள் எடையைக் கேட்டார். பதில் வரவில்லை, ஒரு வாரம் சாப்பாட்டில் உப்பும் வரவில்லை.

"அறுபதுன்னு போட்டுக்கோ."

"தப்பாப் போட்டா சாரோட கணக்கும் தப்பாயிடும்மா."

அவள் கணவரின் கைகளைப் பார்த்தாள். ஒரு வருடத்தில் தேறிய கைகள். செருப்பு, கண்ணாடி, சாவிக்கொத்து, கொண்டையிலிருந்து பதினொரு ஊசி என ஒவ்வொன்றாகக் கழற்றி வைத்தாள்.

"என்னங்க, அந்தப் பக்கம் திரும்புங்க. காதைப் பொத்துங்க. கண்ணையும்."

"எனக்கு ரெண்டு கைதாம்மா!"

"அப்ப கண்ண டாக்டர் பொத்தட்டும்."

பதினேழு வருட அனுபவமுள்ள டாக்டர் மறுபேச்சில்லாமல் பொத்தினார்.

கணக்கு வந்தது. அந்த ஒரு வாய் அறுபது மில்லி. அவருக்குக் கிடைத்தது நாற்பது. ஆக அவர் உடம்பில் நாற்பது லிட்டர் தண்ணீர், பதினேழு கிலோ கொழுப்பு. போன வருடம் கொழுப்பு இருபத்திரண்டு. ஊசி தொடரலாம் என்று டாக்டர் குழுவுக்கு எழுதிக் கையெழுத்திட்டார்.

கணக்குக்கு ஆதாரமாக அவள் எடையும் அறிக்கையில் ஏறியது. மறுநாள் ஊசிக்குச் சம்மதம் சொன்ன குழுவில் ஏழு பேர் அதைப் படித்தார்கள். குழாய்க்காரர் மட்டும் படிக்கவில்லை, கேட்கவுமில்லை. தினமும் அவருக்கு ஊசி குத்துவது அவள்தானே.