இடது பக்கம் மட்டும் ஊமை

ஆம்ப்ளிஃபயரின் மூடியைக் கழற்ற அண்ணன் ஸ்க்ரூடிரைவரோடு உட்கார்ந்தபோதுதான் தங்கை உள்ளே வந்தாள். அவள் லிஃப்ட் மெக்கானிக். நின்றுபோன லிஃப்டுகளைப் பன்னிரண்டு வருஷமாக ஓடவைப்பவள்.

“அதைக் கீழ வைண்ணா. பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ள கரன்ட் கொஞ்ச நேரம் தேங்கி நிக்கும்.”

“இனிமே என்ன, இது போச்சு. ரெண்டு கடையில கேட்டாச்சு. புதுசு வாங்கச் சொல்றாங்க.”

அண்ணி முன்னறையில் உடற்பயிற்சி வகுப்பு நடத்துகிறாள். நாலு மணிக்குப் பதினாறு பேர் வந்துவிடுவார்கள். பாட்டுப் போட்டால் ‘ம்ம்ம்’ என்று ஓர் உறுமல். இடது ஸ்பீக்கரோ வாயே திறப்பதில்லை.

“ஒரு வாரமா அதோட மல்லுக்கட்டுறார்,” என்றாள் அண்ணி.

“ரெண்டு வியாதியப் போட்டு ஒண்ணா குழப்பிக்கிட்டிருக்க,” என்ற தங்கை, ஸ்பீக்கர் ஒயர்களையும் கரன்ட் ஒயரையும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் உருவிவிட்டு சுவிட்சைப் போட்டாள். உறுமல் இல்லை. “பாத்தியா, ஆம்ப்ளிஃபயர் பெட்டி நல்லாத்தான் இருக்கு.”

ஒவ்வொரு தடவையும் அணைத்துவிட்டு, ஒவ்வொன்றாகத் திரும்பச் செருகினாள். ரேடியோ அமைதியாக இருந்தது. பாட்டு வரும் கம்ப்யூட்டரின் ஒயர் ஏறியதும் உறுமல் வந்தது. கம்ப்யூட்டருக்கு எதிர்ச்சுவரிலிருந்து கரன்ட், ஆம்ப்ளிஃபயருக்கு இந்தச் சுவரிலிருந்து.

“ரெண்டுக்கும் எர்த் வேற வேற வழியா போகுது. அதான் சண்டை.” இரண்டையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பாக்ஸில் செருகினாள். உறுமல் போன இடம் தெரியவில்லை.

அடுத்து, அணைத்துவிட்டு இடது வலது ஸ்பீக்கர் ஒயர்களைப் பெட்டியின் பின்னால் மாற்றி மாட்டினாள். அப்போதும் இடது ஸ்பீக்கர்தான் ஊமை. “பெட்டிமேல தப்பே இல்ல. ஒயரப் பாக்கலாம்.”

சுவரோரமாக ஒயரைத் தடவிக்கொண்டே போனவளின் கை பீரோவின் அடியில் நின்றது.

“இத எப்போ நகர்த்தினீங்க?”

“போன வாரம். வகுப்புக்கு இடம் வேணும்னு, ‘நான் ஒருத்தனே போதும்’னு தள்ளினார்,” என்றாள் அண்ணி.

மூவருமாகத் தூக்கினார்கள். பீரோவின் காலடியில் ஒயர் தட்டையாக நசுங்கி, செப்புக் கம்பி அறுந்து கிடந்தது.

வீட்டில் எது பழுதானாலும் தான்தான் பார்த்துப் பழக்கப்பட்டவன் அண்ணன். இப்போது டார்ச்சை எடுத்துக் குனிந்தான். “வெட்டு, நான் வெளிச்சம் பிடிக்கிறேன்.”

நசுங்கிய பகுதியை வெட்டியதில் நீளம் போதவில்லை. ஸ்பீக்கரை ஒரு முழம் இழுத்துவைத்து முனைகளை முறுக்கி இணைத்தாள். பாட்டு இரண்டு பக்கமும் தெளிவாக எழுந்தது.

நாலு மணிக்கு முதலில் வந்த பெண், யார் சரிபண்ணினார்கள் என்று கேட்டாள்.

“என் தங்கச்சி,” என்றான் அண்ணன். அடுத்து வந்தவள் கேட்கவே இல்லை. அவளிடமும் சொன்னான்.