வாய் சிவந்த தியாகலிங்கம்

கனடாவில், மில்லிக்கனில் ஒரு தமிழ்க் கடையின் பின்னறையில் தேங்காய்ச் சாக்கை அவிழ்த்தபோது தியாகலிங்கத்தின் விரலை ஒரு பாம்புக்குட்டி கடித்தது. கண்ணாடிப் புடையன், விரியன் சாதி. விசாவும் இல்லாமல் ஸ்பொன்சரும் இல்லாமல் கொழும்பிலிருந்து பட்டினியாய் வந்த சீவன், கடித்த களையில் அங்கேயே செத்தும் போனது. 1994 மார்கழிக் குளிர் அப்படி.

தியாகலிங்கம் பதறவில்லை. ஊர் முறைப்படி ஒரு பச்சை மிளகாயைக் கடித்துப் பார்த்தார். உறைத்தால் விஷம் ஏறவில்லை என்று அர்த்தம். கண்ணீர் வர உறைத்தது. பாம்பை வெறும் ஊறுகாய்ப் போத்தலில் போட்டுக்கொண்டு, வேலை முடித்து பஸ் ஏறினார்.

கதவைத் திறந்த புனிதவதி புருஷனின் பல்லைத்தான் பார்த்தாள்.

"திரும்பவும் வெத்திலை போட்டிட்டியள்! கோயில்ல சத்தியம் பண்ணி இன்னும் ஒரு கிழமை ஆகேல்லை."

"சத்தியமா இல்லையப்பா."

"அப்ப உது என்ன, லிப்ஸ்டிக்கோ? போய்க் கொப்புளியுங்கோ."

நாலாம் தரம் கொப்புளித்தும் சிவப்பு.

"வெத்திலை எண்டால் இப்ப தெளிஞ்சிருக்கும். உது கூடிக்கொண்டெல்லோ வருது!"

வெற்றிலைப் பழியைச் சுமப்பதைவிடப் பாம்புக்கடி மேல் என்று தியாகலிங்கத்துக்குப் பட்டது. போத்தலை எடுத்து மேசையில் வைத்தார்.

"இவர்தான் கடிச்சவர். ஆனா மிளகாய் உறைச்சது."

"உறைக்கும்தானே! கடிச்சது நாக்கிலையே?"

ஆஸ்பத்திரியில் குழாயில் எடுத்த இரத்தம் இருபது நிமிடமாகியும் உறையவில்லை. மாற்று மருந்து மிருகக்காட்சிச்சாலையிலிருந்து பொலிஸ் காரில் சைரன் ஊதிக்கொண்டு வந்தது. கலியாணத்துக்குக்கூடத் தனக்கு இந்த மரியாதை கிடைக்கவில்லை என்று தியாகலிங்கம் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் பல் முரசில் இரத்தம் கசிவது நின்றது. சிறுநீரும் நின்றது. விஷம் சிறுநீரகத்தைத் தாக்கியிருக்கிறது, பின்னேரத்துக்குள் சிறுநீர் வராவிட்டால் இரத்தத்தை மெசினில் போட்டுச் சுத்தம் செய்யவேண்டும், அதற்குப் பிறகு சிறுநீரகம் திரும்புமா என்று சொல்லமுடியாது என்றார் டொக்டர்.

புனிதவதி, சிறுநீர் பிடிக்கக் குழாய் பூட்டிக் கட்டிலில் தொங்கவிட்ட வெறும் பையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கொஞ்சம் முயற்சி பண்ணுங்கோவன்."

"அதென்ன ஸ்கார்பரோ பஸ்ஸே, நிண்டு பாத்தா வர?"

"பஸ்ஸும் வராதுதான்." எழுந்து தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டாள். பிறகு, மூன்று பிள்ளைகளை வளர்த்த பழக்கத்தில், "சூ... சூ..." என்று தொடங்கினாள். பக்கத்துக் கட்டில் வெள்ளைக்காரர் இரண்டு முறை எழுந்து போய்வந்தார்.

மூன்று மணிக்குப் பையில் கோப்பி நிறத்தில் ஒரு சொட்டு. ஐந்து மணிக்கு நாலு விரற்கடை. டொக்டர் பார்த்துவிட்டு, மெசின் வேண்டாம் என்றார்.

ஆறு மணிக்குள் பக்கத்து மார்க்கம் நகரிலிருந்து ஊர்ச்சனம் பதினெட்டுப் பேர், குழந்தை பார்க்க வருவதுபோல, வரிசையில் வந்து பையைக் குனிந்து பார்த்தார்கள்.

"நல்ல நிறம், அக்கா," என்றார் வரிசையில் முன்னுக்கு நின்ற சண்முகலிங்கம்.

"இன்னும் வெளிறும்," என்றாள் புனிதவதி, அடக்கமாக.