சிவப்பு நூல் கட்டிய பாட்டில்

விடியுமுன்பே கொதிகலன் சீறத் தொடங்கிவிடும். ஈரப் படுக்கை விரிப்புகள் பிணக் கனம் கனக்கும். தோளில் தூக்கினால் வெந்நீர் இடுப்பு வரை வழியும். அந்தச் சலவை ஆலையில் முப்பத்தொரு வருடமாக நான் இஸ்திரி மேசையில் நிற்கிறேன். எதிர் மேசையில் என் மருமகள். விட்டுவர இடமில்லாததால் அவளுடைய மூன்று வயது மகள் மேசைக்கடியில் அழுக்கு மூட்டை மேல் தூங்குவாள்.

கறை நீக்கும் மருந்து பெரிய கேனில் வரும். மேசைக்கு மேசை அதைத் தூக்க முடியாது. காலித் தண்ணீர் பாட்டில்களில் ஊற்றி, கழுத்தில் சிவப்பு நூல் கட்டி வைப்போம். நூல் இருந்தால் மருந்து. எங்களுக்குத் தெரியும், குழந்தைக்குத் தெரியாது.

"பிள்ளைங்களுக்கு ஒரு அறை, மருந்துக்குப் பூட்டுப் போட்ட அலமாரி" என்று எழுதிய மனுவைப் போன மாதம் பிழியும் பிரிவுக்காரி நீட்டினாள். வாய் ஓயாததால் அவளுக்கு 'ரேடியோ' என்று பெயர்.

"கும்பலோட நின்னு கேக்குற பழக்கம் எங்க குடும்பத்துல கிடையாது" என்றேன்.

"முதுகுக்கும் இஸ்திரி போட்டுட்டீங்களாண்ணே? வளையவே மாட்டேங்குது!"

நான் கையெழுத்துப் போடவில்லை.

இன்று காலை மேசைக்கடியிலிருந்து அலறல் கேட்டது. பேத்தியின் உதடு வெளுத்து, எச்சில் வழிந்துகொண்டிருந்தது. அருகில் பாட்டில் உருண்டு கிடந்தது. அதில் நூல் கட்டியவை என் விரல்கள்.

அவசரச் சிகிச்சைப் பிரிவில் பெண் மருத்துவர் கேட்டார்: "என்ன குடிச்சா? சரியான பேர் தெரியணும். எங்க நடந்துச்சு?"

பெயர் கேனில் இருந்தது. கேன் ஆலையில் இருந்தது. பதில் சொல்லுமுன் பின்னாலேயே காரில் வந்துவிட்ட முதலாளி என்னைத் தனியே இழுத்தார்.

"பெரியவரே, வீட்டுல நடந்ததுன்னு சொல்லிடுங்க. மானமுள்ள குடும்பம். புள்ளைக்கு விஷத்த ஊத்தி வச்சது தாத்தாதான்னு நாலு பேர் பேசணுமா?"

"மருந்து பேர் என்ன?"

"எனக்கெப்படித் தெரியும்?"

மானம். நான் கட்டிக் காத்த சொல் அவர் வாயில் அழுக்குத் துணியாய் நாறியது. உள்ளே பேத்தி மூச்சுக்குத் திணறினாள்.

திரும்பி வந்து மருத்துவர் முன் நின்றேன். "வீட்டுல இல்லம்மா, ஆலையில. ஊத்தி வச்சது நான்தான்." மருமகள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"ஆலைக்குப் போன் போடுங்க, பேரை..." என்று மருத்துவர் சொல்லி முடிப்பதற்குள் வாசலில் சலசலப்பு. ரேடியோ. அவள் பின்னால் ஈர உடுப்போடு பத்துப் பதினைந்து தொழிலாளர்கள். இரண்டு பேர் கேனைத் தூக்கி வந்தார்கள்.

"மருந்து பேரு கேப்பாங்கன்னு கேனைத் தூக்கினோம், கேட்ல மறிச்சாங்கண்ணே. மெஷினை நிறுத்திட்டு வந்துட்டோம்."

"யாரைக் கேட்டு வெளிய எடுத்தீங்க?" முதலாளி கத்தினார். "ஒருத்தருக்கும் வேலை இருக்காது!"

"வேலை போனா தேடிக்கலாம் முதலாளி. தொண்டை போனா எங்க போய்த் தேடுறது?" என்றாள் ரேடியோ.

மருத்துவர் கேனில் ஒட்டியிருந்த பெயரைப் படித்துவிட்டு உள்ளே ஓடினார். கதவு மூடியது.

"அந்த மனு இருக்காம்மா?" என்றேன்.

ரேடியோ மடியிலிருந்து எடுத்தாள். நனைந்து மை பரவியிருந்தது.

"வேற தாள் குடு. நடந்ததையும் சேர்த்து எழுதுறேன். என் பேரு முதல்ல வரட்டும்."

முதலாளியின் செருப்புச் சத்தம் விலகிப் போனது. சுவரோரம் எல்லாரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஆலைக்குத் திரும்ப ஒருவரும் எழவில்லை. எழுதிக்கொண்டிருந்தபோது கதவுக்குப் பின்னால் கரகரத்த குரலில் ஓர் அழுகை கேட்டது.

"கத்துறா!" என்றாள் மருமகள்.

ரேடியோகூட வாயை மூடிக்கொண்டு கேட்டாள்.